கஷ்டம் உங்களுக்கா, உங்கள் மனைக்கா?

அடுத்தடுத்து இரண்டு வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பின்பக்கம் எல்லை வரை 25 அடி காலியாக விட வேண்டும் என்பது அந்த ஊர் விதி. இரண்டு வீட்டுக்காரர்களும் 21 அடி விட்டால் போதுமா என்று கேட்டு மனுப் போடுகிறார்கள். அந்த நாலடி கிடைத்தால் ஆளுக்கு ஓர் அறை கட்டிக்கொள்ளலாம். முதலாமவர் வீட்டில் மாடியேற முடியாத அம்மா இருக்கிறார். அவருக்குக் கீழ்த்தளத்தில் படுக்கையறை வேண்டும். இரண்டாமவருடைய மனையின் முன்பாதி வெறும் பாறை. பின்பக்கம் தவிர வேறெங்கும் அடித்தளம் தோண்ட வழியில்லை. அறை எதற்கு என்று அவரைக் கேட்டால், பில்லியர்ட்ஸ் மேசை போட என்கிறார்.

மனசாட்சியைக் கேட்டால் அம்மா பக்கம் சாயும். அமெரிக்க ஊர்களின் நிலப் பயன்பாட்டுச் சட்டத்தைக் கேட்டால் பாறை பக்கம் சாயும். பில்லியர்ட்ஸ்காரருக்கு அனுமதி கிடைத்தே விடும் என்று சொல்லவில்லை. வாதாட அவர் கையில் ஏதோ ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். முதலாமவர் சொல்வது எத்தனை உண்மையான கஷ்டமாக இருந்தாலும், சட்டம் தேடும் கஷ்டம் அது இல்லை.

அங்கே இதற்குப் பெயர் வேரியன்ஸ். ஒரு குறிப்பிட்ட மனைக்கு மட்டும், ஒரு குறிப்பிட்ட விதியிலிருந்து ஊர் கொடுக்கும் விலக்கு. எல்லையிலிருந்து விட வேண்டிய இடம் (செட்பேக்), உயரம், மனையின் குறைந்தபட்சப் பரப்பு, கார் நிறுத்த இத்தனை இடம், இந்தத் தெருவில் கடை வைக்கக்கூடாது என்பன போன்ற எதிலிருந்தும் விலக்குக் கேட்கலாம். கேட்பவர் ‘இடர்ப்பாடு’ இருப்பதாக நிரூபிக்க வேண்டும். அந்த ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று நூறு வருடமாகச் சண்டை நடக்கிறது.

வாசல் எதற்காக வைத்தார்கள்

நியூயார்க்கில் ஈக்விட்டபிள் கட்டடம் 1915இல் எழுந்து நின்றது. ஓர் ஏக்கருக்கும் குறைவான மனை. கிட்டத்தட்ட நாற்பது மாடி. நடைபாதை ஓரத்திலிருந்து உச்சி வரை ஓரங்குலம்கூட உள்ளே வாங்காமல் நேராக எழும்பிய சுவர். சுற்றியிருந்த கட்டடங்களின் வெளிச்சம் போயிற்று, கூடவே வாடகையும் போயிற்று. எந்தப் பகுதியில் எதைக் கட்டலாம், எவ்வளவு உயரம் போகலாம், எங்கே உள்வாங்க வேண்டும் என்று நகரம் முழுவதற்கும் சேர்த்து ஒரே விதித் தொகுப்பு வேண்டும் என்று கொஞ்ச காலமாகவே எழுந்துகொண்டிருந்த குரலுக்கு அது வலுவூட்டியது. 1916இல் நியூயார்க் அந்த விதிகளைக் கொண்டுவந்தது. இப்படி ஊரை மண்டலங்களாகப் பிரித்து விதி வைப்பதற்குப் பெயர் சோனிங். அமெரிக்கப் பெருநகரங்களில் முழுமையான சோனிங் சட்டம் அதுதான் முதல்.

அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் எட்வர்ட் பாசெட் என்ற வழக்கறிஞர். அவருக்கும் அவரோடு வேலை செய்தவர்களுக்கும் ஒரு பயம் இருந்தது. வரைபடத்தில் கோடு போடுபவர் ஒவ்வொரு மனையையும் நடந்து பார்த்துவிட்டுப் போடுவதில்லை. முக்கோணமாக ஒரு மனை இருக்கும், நடுவில் ஓடை போகும் மனை இருக்கும், மூன்று பக்கமும் தொழிற்சாலைக்கு நடுவே ‘குடியிருப்பு’ என்று கோடு விழுந்த மனையும் இருக்கும். அந்த மனைக்காரர் நீதிமன்றம் போனால், அவருக்கு நியாயம் செய்கிறேன் என்று நீதிபதி விதித் தொகுப்பையே தூக்கி எறிந்துவிட்டால்? அதனால் உள்ளுக்குள்ளேயே ஒரு சின்ன வாசல் வைத்தார்கள். வழக்காக வெடிக்கும் முன் குறையைக் கேட்டுத் தீர்க்க ஒரு வாரியம். விலக்கு என்பது ஏதோ கருணையில் பிறந்தது என்று நினைக்கிறோம். பெரும்பகுதி அது விதியைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்த ஏற்பாடு.

பயம் பொய்யில்லை என்பதைப் பத்தே வருடத்தில் வந்த இரண்டு தீர்ப்புகள் காட்டின. 1926இல் ஒஹையோ மாநிலத்தின் யூக்ளிட் கிராமத்தில் 68 ஏக்கர் வைத்திருந்த ஒரு நிறுவனம், தொழிற்சாலைக்கு விற்றால் ஏக்கர் 10,000 டாலர் போகும் நிலம் குடியிருப்பு என்று குறித்ததால் 2,500க்கு விழுந்துவிடும் என்று வாதாடியது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் சோனிங் செல்லும் என்று சொல்லிவிட்டது. இரண்டே வருடம் கழித்து மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜிலிருந்து இன்னொரு வழக்கு வந்தது. கார் தொழிற்சாலையும் ரயில் பாதையும் பக்கத்தில் இருக்க, ஒருவருடைய நிலத்தில் ஒரு பட்டையை மட்டும் குடியிருப்பு என்று குறித்திருந்தார்கள். இந்த முறை அதே நீதிமன்றம், பொதுவாக சோனிங் சரி, இந்த மனைக்குச் செய்தது சரியில்லை என்றது. முதல் வழக்கில் இருந்தது பண நஷ்டம். இரண்டாவதில் நிலம் அமைந்த இடமே கோளாறு. வேரியன்ஸ் சட்டம் பிறகு பிடித்துக்கொண்ட வேறுபாடும் ஏறக்குறைய இதுதான்.

மற்ற மாநிலங்கள் பார்த்து எழுதிக்கொள்ள ஒரு மாதிரிச் சட்டத்தை, ஹெர்பர்ட் ஹூவர் அமைச்சராக இருந்த வணிகத் துறை 1920களில் வெளியிட்டது. அதில் விலக்குக்கான வாசகம் ஒரே ஒரு வாக்கியம். பொதுநலனுக்கு மாறாக இருக்கக்கூடாது. மனைக்கே உரிய சிறப்பு நிலைமை ஒன்று இருக்க வேண்டும். அதனால் விதியை எழுத்துப்படி அமல்படுத்தினால் தேவையற்ற இடர்ப்பாடு உண்டாக வேண்டும். விலக்குக் கொடுத்தபின் விதியின் நோக்கமும் காப்பாற்றப்பட வேண்டும், நியாயமும் நடக்க வேண்டும். ஐந்து பேர் வாரியம், விலக்குக் கொடுக்க நாலு பேர் சம்மதிக்க வேண்டும். சாதாரணப் பெரும்பான்மை போதாது என்று வைத்ததே, வாசலைச் சின்னதாக வைக்க நினைத்தார்கள் என்பதற்கு அத்தாட்சி. அந்த வாக்கியம் இன்றும் பல மாநிலச் சட்டங்களில் கிட்டத்தட்ட அப்படியே கிடக்கிறது. ‘தேவையற்ற இடர்ப்பாடு’ என்றால் என்ன என்று மட்டும் அதை எழுதியவர்கள் விளக்கவில்லை.

நீதிமன்றம் போட்ட அளவுகோல்

விளக்கும் வேலை நீதிபதிகள் தலையில் விழுந்தது. அதில் அதிகம் பேசப்படுவது 1939இல் நியூயார்க்கின் உயர்ந்த நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. ஒருவர் ஸ்கேட்டிங் அரங்கு கட்ட நினைத்தார். நிலத்தின் ஒரு பகுதி குடியிருப்பு மண்டலத்துக்குள் வந்தது. உள்ளூர் வாரியம் விலக்குக் கொடுத்தது. நீதிமன்றம் அதை ரத்துசெய்து, மூன்று கேள்விகளை வைத்தது. அனுமதித்த எந்தப் பயன்பாட்டிலும் அந்த நிலம் நியாயமான வருமானம் தராதா? இந்த நிலைமை இந்த மனைக்கு மட்டும் உரியதா, இல்லை சுற்றியுள்ள எல்லோருக்கும் பொதுவானதா? விலக்குக் கொடுத்தால் அந்தப் பகுதியின் இயல்பு மாறிப்போகுமா?

இரண்டாவது கேள்விதான் எல்லாவற்றையும்விடக் கூர்மையானது என்பேன். தெருவில் உள்ள எல்லா மனையும் குறுகல் என்றால், உங்கள் மனை குறுகல் என்பது இடர்ப்பாடாகாது. எல்லோருக்கும் இருக்கும் பிரச்சினைக்கு ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுக்க வாரியத்துக்கு உரிமை இல்லை. அது ஊர் மன்றம் விதியையே திருத்திச் செய்ய வேண்டிய வேலை. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் எழுதிய விதியை, நியமிக்கப்பட்ட ஐந்து பேர் ஒவ்வொரு மனையாக அழித்து எழுதிவிடக்கூடாது என்ற கவலை இதற்குப் பின்னால் இருக்கிறது.

முதல் கேள்விக்குப் பதில் சொல்ல நியூயார்க்கில் கணக்கு வேண்டும். வாங்கிய விலை, வரி, பராமரிப்பு, அனுமதித்த ஒவ்வொரு பயன்பாட்டிலும் என்ன வரும் என்று டாலர் சென்ட் வரை காட்ட வேண்டும். ‘கடை வைத்தால் இன்னும் நிறைய வரும்’ என்பது பதிலே இல்லை. யூக்ளிட்டில் முக்கால் பங்கு மதிப்புப் போகும் என்று சொன்னவருக்கே கிடைக்கவில்லை.

மூன்று கேள்வியோடு நாலாவதாக ஒன்று பிறகு ஒட்டிக்கொண்டது. இந்த இடர்ப்பாட்டை நீங்களே வரவழைத்துக்கொண்டீர்களா? பெரிய மனையை இரண்டாக வெட்டி ஒன்றை விற்றுவிட்டு, மிச்சம் சின்னதாகிவிட்டதே என்று வந்து நிற்பவருக்கு யாரும் இரங்கமாட்டார்கள். சிக்கலான கேள்வி வேறு. விதி இருப்பது தெரிந்தே மனையை வாங்கியவர் நிலை என்ன? பாறை அவர் வைத்ததில்லை. ஆனால் பாறை இருப்பது தெரிந்து, ஒருவேளை அதனாலேயே குறைந்த விலைக்கு, வாங்கியிருக்கிறார். சில இடங்களில் அதோடு கதை முடிந்துவிடும். வேறு சில இடங்களில், விற்றவருக்கு இருந்த உரிமை வாங்கியவருக்கும் உண்டு என்பார்கள். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. இடர்ப்பாடு நிலத்தினுடையது என்று சொல்லிவிட்டு, ஆள் மாறியதும் அது காணாமல் போய்விட்டது என்றால் முன்னுக்குப் பின் முரண்.

நியூ ஜெர்சியில் இன்னொரு சுவாரசியமான கேள்வி கேட்பார்கள். வீடு கட்ட முடியாத அளவுக்கு மனை சின்னது என்கிறீர்களே, பக்கத்து மனைக்காரரிடம் நாலடி விலைக்குக் கேட்டுப் பார்த்தீர்களா? அல்லது உங்கள் மனையை நியாயமான விலைக்கு அவர் வாங்கிக்கொள்ளத் தயாரா? ஆம் என்றால் இடர்ப்பாடு எங்கே இருக்கிறது? நியாயமான விலை என்பது விலக்குக் கிடைத்து வீடு கட்டலாம் என்ற நிலையில் அந்த மனைக்கு வரக்கூடிய விலை. இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரர் வாரியத்தில் எதிர்ப்புத் தெரிவித்தே மனையைச் சல்லிசாக அமுக்கிவிடுவார்.

ஆளைப் பார்க்காதே என்பது ஏன்

அம்மாவுக்கு வருவோம். அவருக்கு ஏன் சட்டம் இடம் கொடுக்கவில்லை? இரக்கமில்லாததால் இல்லை. விலக்கு நிலத்தோடு போகிறது, ஆளோடு போவதில்லை என்பதுதான் காரணம். வீட்டை விற்றால் விலக்கும் சேர்ந்தே கைமாறும். அம்மா இன்னும் சில வருடம் இருக்கலாம். எல்லையை நெருங்கிக் கட்டிய சுவர் எழுபது வருடம் நிற்கும். அந்த அறை அடுத்து வருபவருக்கு பில்லியர்ட்ஸ் அறையாகவே ஆகலாம். ஒரு மனிதரின் தற்காலிகத் தேவைக்கு, பக்கத்து வீட்டுக்காரரின் வெளிச்சத்திலிருந்து நிரந்தரமாக ஒரு துண்டை வெட்டிக் கொடுப்பது பொருந்தாத பண்டமாற்று.

வாதம் சரிதான். ஆனாலும் அதைச் சக்கர நாற்காலியில் இருப்பவரிடம் சொல்லிப் பார்த்தால் அதன் கொடுமை தெரியும். வாசலில் சாய்தளம் போட்டால் அது செட்பேக்குக்குள் வந்துவிடுகிறது. மனையில் பாறையும் இல்லை, ஓடையும் இல்லை. ஆகவே இடர்ப்பாடு இல்லை! இந்த அபத்தத்தைச் சரிசெய்தது வேரியன்ஸ் சட்டமில்லை. 1988இல் கூட்டரசின் நியாயமான வீட்டுவசதிச் சட்டத்தைத் திருத்தி, உடல் அல்லது மனக் குறைபாடு உள்ளவர்களுக்கு விதிகளில் நியாயமான இடங்கொடுத்தலை மறுப்பதும் பாகுபாடுதான் என்று சேர்த்தார்கள். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் இன்னும் ஒருபடி போய்த் தன் சட்டத்திலேயே ஒரு தனிப் பிரிவை வைத்திருக்கிறது. உடல் குறைபாடு உள்ளவர் அந்த இடத்தில் வசிக்கவோ தொடர்ந்து புழங்கவோ தேவை என்றால், மனையின் இடர்ப்பாட்டை நிரூபிக்காமலே விலக்குக் கொடுக்கலாம். அவருக்குத் தேவை இருக்கும்வரை மட்டுமே அது செல்லும் என்றும் வாரியம் எழுதிவிடலாம். ஆளுக்கு வந்த கஷ்டத்துக்கு ஆளோடு முடியும் விலக்கு. ரொம்ப எளிமையான யோசனை. இதைப் பெரும்பாலான மாநிலங்கள் ஏன் வரிக்கு வரி நகல் எடுக்கவில்லை என்று வியப்பாக இருக்கிறது.

கடை வைப்பதும் நாலடி கேட்பதும் ஒன்றா

குடியிருப்புத் தெருவில் பெட்ரோல் பங்க் வைக்கக் கேட்பதும், கார் கொட்டகையை நாலடி தள்ளிக் கட்டக் கேட்பதும் ஒரே தராசில் வைக்க வேண்டியவையா? முதலாவது பயன்பாட்டு விலக்கு. இரண்டாவது அளவு விலக்கு. ‘நிலத்தால் எந்த நியாயமான பிரயோசனமும் இல்லை’ என்று காட்டச் சொல்லும் கடும் சோதனையை அளவு விலக்குக்கும் வைத்தால் யாரும் தேறமாட்டார்கள். ஏனென்றால் வீடு ஏற்கெனவே இருக்கிறது, அதில் ஆள் குடியிருக்கிறார், நிலம் பயன்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

மின்னசோட்டாவில் 2010இல் நடந்தது அதுதான். மின்னடோன்கா நகரத்தில் ஒரு வீட்டுக்காரர், ஏற்கெனவே செட்பேக்கை மீறி நின்ற பழைய கார் கொட்டகையின் மேல், யோகாவுக்கும் கைவேலைக்கும் ஒரு தளம் எழுப்ப விலக்குக் கேட்டார். நகரம் கொடுத்தது. எதிர் அபிப்பிராயம் கொண்ட பக்கத்து வீட்டுக்காரர் மாநில உச்ச நீதிமன்றம் வரை போனார். சட்டம் என்ன சொல்கிறது என்று நீதிபதிகள் எழுத்தெழுத்தாகப் படித்தார்கள்: விலக்கு இல்லாமல் நிலத்தை நியாயமாகப் பயன்படுத்தவே முடியாது என்றால்தான் இடர்ப்பாடு. யோகா தளம் இல்லாவிட்டால் அந்த வீடு பயனற்றதா என்ன? மாநிலத்தில் பல வருடமாக நகரங்கள் தளர்வாகக் கொடுத்துவந்த விலக்குகளுக்கு ஒரே தீர்ப்பில் அடித்தளம் ஆட்டம் கண்டது. அடுத்த வருடமே சட்டமன்றம் கூடி ‘இடர்ப்பாடு’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘நடைமுறைச் சிரமம்’ என்று மாற்றியது. ஒரு கார் கொட்டகை ஒரு மாநிலச் சட்டத்தை மாற்றிய கதை இது.

நியூயார்க் இதை 1992லேயே பிரித்து எழுதிவிட்டது. பயன்பாட்டு விலக்குக்குப் பழைய கடும் சோதனை. நாலில் ஒன்று தவறினாலும் கிடையாது. அளவு விலக்குக்கு ஒரு பக்கம் கேட்பவரின் நன்மை, மறுபக்கம் அக்கம்பக்கத்தின் பாதிப்பு என்று எடைபோட்டால் போதும். வேறு வழி இருக்கிறதா, கேட்கும் அளவு பெரிதா, தானே வரவழைத்ததா என்பவை எல்லாம் தராசில் விழும் கற்கள். எதுவும் தனியாகக் கதவைச் சாத்தாது. பென்சில்வேனியாவில் 1998இல் பிட்ஸ்பர்கில் வீடற்ற பெண்களுக்கான ஒரு தங்குமிடம் பற்றிய வழக்கில் நீதிமன்றம் இதே திசையில் போனது. கலிபோர்னியாவோ பயன்பாட்டு விலக்கைச் சட்டத்திலேயே தடுத்துவிட்டது; பரப்பு, வடிவம், மேடுபள்ளம், இருப்பிடம் போன்ற சிறப்பு நிலைமைகளுக்கு மட்டும்தான் அங்கே விலக்கு. மாசசூசெட்ஸ் இன்னும் கறார்: மண்ணின் தன்மை, மனையின் வடிவம், நிலத்தின் மேடுபள்ளம். இந்த மூன்றில் ஒன்றைக் காட்டு, இல்லை வீட்டுக்குப் போ. கொடுத்த விலக்கையும் ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் காலாவதி.

நியூ ஹாம்ப்ஷயர் நடுவில் திசை தடுமாறியது. 2001இல் அதன் நீதிமன்றம் பழைய சோதனையைத் தளர்த்தியது. 2004இல் அளவு விலக்குக்குத் தனிச் சோதனை வைத்தது. 2010 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் சட்டமன்றம் அந்தப் பிரிவினையைத் தூக்கிவிட்டது. பத்து வருடத்துக்குள் மூன்று அளவுகோல். சம்பளமில்லாமல் மாலைநேரத்தில் வந்து உட்காரும் வாரிய உறுப்பினர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

மாலைக் கூட்டத்தில் நடப்பது

அதுதான் இந்த ஏற்பாட்டின் பலவீனமான இடம். வாரிய உறுப்பினர்கள் பெரும்பாலும் ஊர்க்காரர்கள். பல் மருத்துவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், கட்டட ஒப்பந்தக்காரர். எதிரே நிற்பவர் பழகிய முகம். அவர் தன் குடும்பக் கதையைச் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்கு நோட்டீஸ் போயிருக்கிறது, யாரும் ஆட்சேபிக்க வரவில்லை. அப்புறம் என்ன, கொடுத்துவிடலாமே! சட்டம் கேட்கச் சொன்னது ‘மனையில் என்ன சிறப்பு?’ என்று. அறையில் நிஜமாகக் கேட்கப்பட்ட கேள்வி ‘யாராவது எதிர்க்கிறீர்களா?’ என்று.

கென்டக்கியின் லெக்சிங்டன் நகர வாரியத்தை இரண்டு பேர் ஆராய்ந்து 1962இல் ஒரு சட்ட இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே அதை முறைகெட்ட ஆட்சிக்கு எடுத்துக்காட்டு என்று குறித்தார்கள். சட்டம் கேட்கும் காரணங்கள் ஒரு பக்கம், வாரியம் கொடுக்கும் விலக்குகள் மறுபக்கம் என்ற அந்தக் குற்றச்சாட்டு பிறகும் ஓயவில்லை.

இதற்கு நீதிமன்றங்கள் கண்டுபிடித்த கடிவாளம், காரணத்தை எழுதச் சொல்வது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் டொபாங்கா பள்ளத்தாக்கில் 28 ஏக்கரில் 93 நடமாடும் வீடுகளுக்கான குடியிருப்பு ஒன்றுக்கு விலக்குக் கொடுத்தார்கள். 1974இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தபோது சொன்னது: முடிவை மட்டும் அறிவித்தால் போதாது, கிடைத்த ஆதாரத்திலிருந்து அந்த முடிவுக்கு எப்படி வந்தீர்கள் என்று படிப்படியாகக் காட்ட வேண்டும். அந்தத் திட்டம் ஊருக்கு நல்லது, வீடு தேவைப்படுகிறது, தீத்தடுப்புக்கு உதவும் என்றெல்லாம் அடுக்கியிருந்தார்கள். திட்டம் நல்லதா என்பது கேள்வியே இல்லை என்றது நீதிமன்றம். அந்த நிலம் அதே மண்டலத்தில் உள்ள மற்ற நிலங்களிலிருந்து எப்படி வேறுபடுகிறது? அதை யாரும் எழுதியிருக்கவில்லை.

எழுதச் சொன்னால் மனம் மாறுமா என்று கேட்கலாம். ஓரளவு மாறும். ‘அவர் நல்ல மனிதர்’ என்று நினைத்துக் கை தூக்கலாம். அதையே காரணமாக எழுதிக் கையெழுத்துப் போடக் கை கூசும்.

எல்லோருக்கும் விலக்குத் தேவைப்பட்டால்

ஒரே வகை விலக்கு வாராவாரம் வந்துகொண்டே இருந்தால் கோளாறு மனைகளில் இல்லை, விதியில். மாசசூசெட்ஸின் சாமர்வில் இதற்கு நல்ல உதாரணம். சுமார் எண்பதாயிரம் பேர் நெருக்கமாக வாழும் பழைய ஊர். விதிகள் வருவதற்கு முன்பே கட்டிய வீடுகள். 2016 வாக்கில் நகரத் திட்டத் துறையினர் உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது, அப்போதைய சோனிங் விதிகள் அத்தனைக்கும் ஒத்துப்போகும் குடியிருப்புக் கட்டடங்கள் ஊர் முழுக்க 22தான் என்று தெரிந்தது. பின்வாசல் படிக்கட்டை மாற்றக்கூட அனுமதி கேட்டு நிற்க வேண்டிய நிலை. 2019 கடைசியில் நகரம் விதித் தொகுப்பையே புதிதாக எழுதி ஏற்றுக்கொண்டது.

கார் நிறுத்துமிட விதியும் அப்படித்தான். இத்தனை வீட்டுக்கு இத்தனை கார் இடம் என்ற எண்ணைப் பழைய நகர மனைகளில் திணிக்க முடியாமல் விலக்குகள் வந்து குவியும். பஃபலோ நகரம் 2017இலும் மினியாபோலிஸ் 2021இலும் குறைந்தபட்ச நிறுத்துமிடக் கட்டாயத்தையே எடுத்துவிட்டன. விதி இல்லை, விலக்கும் வேண்டாம்.

ஆனால் விலக்கு மறுக்கப்பட்டவரின் நிலத்துக்கு அரசு நஷ்டஈடு கொடுக்க வேண்டுமா என்ற கேள்வி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. விஸ்கான்சினில் செயின்ட் குரோய் ஆற்றங்கரையில் ஒரு குடும்பத்துக்கு ஒட்டியொட்டி இரண்டு மனை இருந்தது. கட்டத் தகுந்த பரப்பு ஓர் ஏக்கராவது இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டிலும் தனித்தனியாக அது இல்லை. ஒரே கைக்கு வந்தால் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிடும் என்பது இன்னொரு விதி. ஒன்றை மட்டும் விற்க விலக்குக் கேட்டார்கள், கிடைக்கவில்லை. 2017இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்றில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது: இரண்டையும் ஒரே சொத்தாகப் பார்த்தால் மதிப்பு அப்படியொன்றும் போய்விடவில்லை. வேறு வேறு ஆட்கள் கையில் இருந்திருந்தால் பழைய மனைகளுக்கான சலுகையில் தப்பித்திருக்கும். நிலத்தைத்தான் பார்க்கிறோம், ஆளைப் பார்ப்பதில்லை என்ற பெருமைக்கு இந்த வழக்கு ஒரு சின்னக் கீறல். அதே வருடத்தில் விஸ்கான்சின் சட்டமன்றம், பழைய மனைகளை இப்படிக் கட்டாயமாக இணைப்பதற்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது.

வெள்ளம் வரும் இடம்

விலக்கில் கொஞ்சமும் நெகிழக்கூடாத இடம் ஒன்று உண்டு. செட்பேக்கில் நாலடி தவறினால் பக்கத்து வீட்டுக்காரருக்கு வெளிச்சம் குறையும். வெள்ளமட்ட விதியில் நாலடி தவறினால் வீடு மிதக்கும்.

1968இல் தொடங்கிய தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரும் ஊர்கள், கணக்கிட்ட வெள்ளமட்டத்துக்கு மேலேதான் வீட்டின் கீழ்த்தளம் இருக்க வேண்டும் என்ற விதியைத் தாங்களே அமல்படுத்த வேண்டும். அதிலும் விலக்கு உண்டு. ஆனால் அதற்குப் போதிய காரணமும், விதிவிலக்கான இடர்ப்பாடும் காட்ட வேண்டும். பொதுவாக அரை ஏக்கருக்கு மேற்படாத, சுற்றிலும் ஏற்கெனவே தாழ்ந்த மட்டத்தில் வீடுகள் இருக்கிற மனையாக இருக்க வேண்டும். விலக்கால் வெள்ளம் உயரக்கூடாது. உயர்த்திக் கட்டினால் செலவு கூடும், பார்க்க நன்றாக இல்லை, படியேற முடியாது, பக்கத்து வீட்டார் முகம் சுளிக்கிறார்கள் என்பவை எல்லாம் இடர்ப்பாடு இல்லை என்று கூட்டரசின் பேரிடர் மேலாண்மை நிறுவனம் தன் வழிகாட்டுதலில் சொல்லிவைத்திருக்கிறது. இங்கேயும் அம்மாவுக்கு இடமில்லை. அவருக்கு விலக்கைத் தவிர வேறு வழி, லிப்ட்டோ நீளமான சாய்தளமோ, தேடச் சொல்வார்கள். கேட்டவருக்கெல்லாம் கொடுக்கும் ஊர் என்று தெரிந்தால் நிறுவனம் அந்த ஊரின் கோப்புகளை எடுத்துப் பார்க்கும். ஊரையே திட்டத்திலிருந்து நிறுத்திவைக்கவும் வழி இருக்கிறது. அப்போது விலக்கே கேட்காத குடும்பங்களுக்கும் சேர்த்துக் காப்பீடு போய்விடும்.

அத்தனையும் தாண்டி ஒருவருக்கு விலக்குக் கிடைத்தால், ஊர் அதிகாரி கையெழுத்திட்டு அவருக்கு ஒரு கடிதம் தர வேண்டும் என்பது விதி. வெள்ளமட்டத்துக்குக் கீழே கட்டுவது உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்தைக் கூட்டும், 100 டாலர் காப்பீட்டுக்கு 25 டாலர் வரை பிரீமியம் உயரலாம் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அந்தக் கடிதம் விண்ணப்பித்தவர் பெயருக்குப் போகிறது. பத்து வருடம் கழித்து அதே வீட்டை வாங்குபவருக்கு விலக்கும் தாழ்ந்த தளமும் போய்ச் சேரும். கடிதத்தை ஊர்க்காரர்கள் பத்திரப் பதிவோடு சேர்த்து வைத்திருந்தால்தான் அது அவர் கண்ணில் படும்.